பத்தொன்பது புள்ளடிகள்

"ஆசனத்தைத் திருப்பிக் குடுங்கோ மாமா."

சிவானுஜா இதைச் சொன்னபோது அவளுடைய கைகள் இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் முட்டையும் ரஸ்குத் தூளுமாக இருந்தன. உருத்திரமூர்த்தி வீட்டு நிலக்கீழ் அறையில், இரண்டு காஸ் அடுப்புகளுக்கும் ஒரு நீண்ட மடிப்பு மேசைக்கும் நடுவில், மூன்று பெண்கள் காலை பத்து மணியிலிருந்து ரோல்ஸ் செய்துகொண்டிருந்தார்கள். அவளுடைய அம்மா சந்திரகாந்தி சட்டியில் மாவை ஊற்றித் தோல் சுட்டாள். வீட்டுக்காரி கமலநாயகி, கிழங்கும் ரின் மீனும் லீக்ஸும் பிரட்டிய கறியைத் தோலில் வைத்து இரண்டு பக்கமும் மடித்துச் சுற்றினாள். சிவானுஜா முட்டையில் தோய்த்துத் தூளில் உருட்டினாள். முந்நூறு வேண்டும். இருநூற்றிருபது ஆகியிருந்தது. எண்ணெய் மணம் மேல்வீட்டு ஜெர்மன்காரருக்குப் போகக்கூடாது என்று சிறிய யன்னலைத் திறந்து விட்டிருந்தார்கள். அதன் வழியே பெப்ரவரி மாதத்துக் குளிர், ஈரத்தோடு, முழங்கால் உயரத்தில் வந்து நின்றது.

மூர்த்தி உருசி பார்க்க இறங்கி வந்தவர். கையில் பாதி கடித்த ரோல்ஸ். வெள்ளைச் சேட்டு, சாரம், அதற்கு மேல் கம்பளிச் சுவெற்றர். முப்பது வருடமாக இந்த ஊர்த் தமிழ்ச்சனம் அவரிடம் ஒன்று கேட்டால் அவர் முதலில் தலையை ஆட்டுவார், பிறகுதான் என்னவென்று விசாரிப்பார். இப்போது தலை ஆடவில்லை.

சந்திரகாந்தி ஊற்றிய மாத்தோல் சட்டியிலேயே கருகியது.

"என்னடி கதைக்கிறாய்," என்றாள் அவள், மெதுவாக.

ட்ராமில் வரும்போதே அம்மா சொல்லித்தான் கூட்டிக்கொண்டு வந்தாள். எசன் நகரத்திலிருந்து ட்ராமில் இருபது நிமிடம் இந்தச் சிறு நகரம். அந்த இருபது நிமிடமும் ஒரே கதை. "அவரிட்ட ஒண்டும் கேக்கப்படாது. வேலைக்கு வந்தது, வேலையைச் செய்தது, வெளிக்கிட்டது எண்டு இருக்கவேணும். ஆசனக் கதை வாயில வரப்படாது. எங்களுக்கு அவர் செய்தது உனக்குத் தெரியாது." சிவானுஜா யன்னலுக்கு வெளியே, நிலக்கரிச் சுரங்கக் கழிவால் எழும்பிப் பிறகு புல் முளைத்த குன்றைப் பார்த்தபடி "ஓம்" என்றாள். சும்மா ஒரு ஓம்.

உருத்திரமூர்த்தி எண்பத்தாறில் வந்தவர். முதல் மூன்று வருடம் பழைய பள்ளிக்கூட விடுதியில், எட்டுப் பேருக்கு ஒரு அறையில், மேல்தட்டுக் கட்டிலில் படுத்தார். பகலில் உணவகத்தில் கோப்பை கழுவினார். கழுவுகிற நேரத்தில் வானொலியைக் கேட்டு ஜெர்மன் படித்தார் என்று சொல்லுவார்கள். பிறகு மொழிபெயர்ப்பாளரானார். அகதி விசாரணை, பிரசவ அறை, பள்ளிக்கூடம், பொலிஸ் என்று மூர்த்தி அண்ணை நிற்காத இடமில்லை. தொண்ணூற்றொன்பதில் கடவுச்சீட்டு வந்தது. அந்த மாதமே கட்சியில் சேர்ந்தார். ஊர்ச்சனம் அதை "எங்கட கட்சி" என்றுதான் சொல்லும், ஏனென்றால் வேறு எந்தக் கட்சியும் அவர்களிடம் வந்து கை குலுக்கியதில்லை.

எங்கட கட்சி அவருக்கு என்ன கொடுத்தது? கோடை விழாவில் ஒரு மேசை. அந்த மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், கடலை வடை. ஒவ்வொரு யூலையும் கமலநாயகி இதே அடுப்பில் நானூறு, ஐந்நூறு என்று பொரித்தாள். தலைவர்கள் வந்து தின்று, "அருமை, காரம்" என்று கண்ணைத் துடைத்து, மூர்த்தியின் தோளில் தட்டி, படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தேர்தல் பட்டியலில் முப்பத்தெட்டாவது இடம், முப்பத்தாறாவது இடம், மறுபடி முப்பத்தெட்டு. இருபத்தாறு வருடம் இப்படியே ஓடியது. போன செப்டெம்பர் நகரசபைத் தேர்தலில்தான் ஒருவரும் கேட்காத ஒரு வட்டாரத்தை, தோற்றாலும் பரவாயில்லை என்று, அவர் கையில் கொடுத்தார்கள். அவர் வென்றார். பதினான்கு வாக்கு வித்தியாசத்தில்.

ஜனவரி நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை, அந்த ஆசனத்தையும் எடுத்துக்கொண்டு "நகர் முதல்" என்ற புது அணிக்குப் போய்விட்டார். சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. ஆசனம் ஆளுக்கு, கட்சிக்கு இல்லை. நகர் முதல்காரர் அவருக்குத் துணை நகரபிதா பதவி தருவதாகச் சொன்னார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு கை. பழைய பள்ளிக்கூட விடுதியை மூடி, அங்கே இருக்கிற அகதிகள் அறுபது பேரையும் தொழிற்பேட்டைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைக்கு மாற்றும் தீர்மானம் அது. ஒரு கை குறைந்தால் அது தோற்கும்.

சந்திரகாந்தி கருகிய தோலைச் சுரண்டிக் குப்பையில் போட்டாள். மூர்த்தி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்:

"அது சட்டப்படி என்ர ஆசனம், பிள்ளை. நீ படிச்சனி. உனக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை."

"சட்டம் தெரியும் மாமா. அதுதான் கேக்கிறன். இல்லாட்டி ஏன் கேக்கிறன்."

"ஆர் உன்னை அனுப்பினது? பழைய ஆக்களோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

"அப்ப உனக்கென்ன வந்தது?"

அதுதான் கேள்வி. அதற்கான பதில் இரண்டு நாளாக அவளுடைய குளிரங்கியின் உள்பையில், முத்திரை ஒட்டி, ஒட்டிய வாயோடு கிடந்தது. வேலைக்குப் போகும் வழியில் மூன்று மஞ்சள் தபாற்பெட்டிகள். நேற்று, வெள்ளிக்கிழமை, காலையும் பின்னேரமும் அவற்றைத் தாண்டித் தாண்டிப் போனாள்.

சிவானுஜா அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பொது நிர்வாகம் படித்தாள். பக்கத்து நகரத்தில் அரச அலுவலகம் ஒன்றில் தற்காலிகமாக இருக்கிறாள். ஏப்ரல் முதலாந் திகதி நிரந்தர நியமனம். தண்டனைப் பதிவில் ஒரு வரி வந்தாலும் அது இல்லை. ஆனால் அவளுடைய உண்மையான உத்தியோகம் ஒன்பது வயதிலேயே தொடங்கிவிட்டது. யாருக்குக் கடிதம் வந்தாலும் அவளிடம்தான் வரும். பிள்ளைப்பணம், வீட்டு உதவி, பல் வைத்தியம், வானொலி வரி. ஆட்கள் அன்ராக்கை, அந்த விண்ணப்பப் படிவங்களை, ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டு வருவார்கள். அவள் கேட்கிறதைக் கேட்டு, கேட்கத் தேவையில்லாததைத் தானே நிரப்பி, "இதில கையெழுத்து வையுங்கோ" என்று விரலால் காட்டுவாள். அவர்கள் வைப்பார்கள். பதினெட்டு வருடத்தில் ஒருவர்கூட "உதில என்ன எழுதியிருக்கு" என்று கேட்டதில்லை. அப்படி ஒரு நம்பிக்கை. அப்படி ஒரு பழக்கம்.

செப்டெம்பரில் தபால் வாக்குச் சீட்டுகளும் அதே பொலித்தீன் பைகளில்தான் வந்தன. வயதான சனம். பாதிப் பேருக்குப் போன இரண்டு வருடத்துக்குள்தான் ஜெர்மன் கடவுச்சீட்டு கிடைத்தது. இவள் வீடு வீடாகப் போய் மூர்த்தி மாமாவுக்காகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவள். போன இடத்திலேயே, தேத்தண்ணி ஆறுவதற்கு முதல், சீட்டை விரித்தாள். உருத்திரமூர்த்தி என்ற பெயருக்கு நேரே வட்டத்துக்குள் ஒரு புள்ளடி. மடித்து நீல உறைக்குள் போட்டு ஒட்டினாள். பிறகு வாக்காளர் அத்தாட்சி. அதில் உதவியாளருக்கென்று ஒரு இடம் இருக்கிறது. வாக்காளர் தன் விருப்பத்தைச் சொன்னார், அதன்படியே நான் அடையாளமிட்டேன் என்று சத்தியத்துக்கு ஈடாக உறுதி செய்கிற இடம். அங்கே அவளே கையெழுத்து வைத்தாள். சனத்தைச் சிரமப்படுத்தாமல்.

பத்தொன்பது பேர். பத்தொன்பது கையெழுத்து. ஒருவரிடமும் அவள் கேட்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. திருட வேண்டும் என்று நினைத்துத் திருடியிருந்தால் தன்னைக் கள்ளி என்று பேசிவிட்டு இருந்திருக்கலாம். அவள் அதை இன்னொரு அன்ராக் என்றுதான் நினைத்தாள். நிரப்பவேண்டிய கட்டம். நிரப்பினாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து கொறற்றி அன்ரியின் வீட்டுக்குப் போயிருந்தாள், மருத்துவக் காப்புறுதிக் கடிதமொன்று வந்திருந்தபடியால். கொறற்றிக்கு எழுபத்து நான்கு வயது. பாஷையூர்க்காரி. புருசன் கடலில் போனவர். மூன்றாம் மாடியில் தனியே இருக்கிறாள். கிழமைக்கு மூன்று நாள் சிறுநீரகச் சுத்திகரிப்பு. சுவரில் மாதாவுக்குப் பக்கத்தில், மாதாவை விடச் சற்றே சிறிய சட்டத்தில், கடவுச்சீட்டு வாங்கிய நாளில் எடுத்த படம்.

"பிள்ளை," என்றாள் கொறற்றி, பால் கொதிக்கிற சத்தத்துக்கு மேலால். "நான் ஆருக்குப் போட்டனான்?"

"என்ன அன்ரி?"

"வாக்கு. போன முறை. கோவில்ல சனம் கதைக்குது, மூர்த்தி கட்சி மாறிட்டாராம் எண்டு. அப்ப என்ர வாக்கும் மாறுமோ? நான் அவருக்கோ போட்டனான்?"

சிவானுஜாவுக்குக் கடிதத்தின் எழுத்துகள் கலங்கின. "ஓம் அன்ரி. மாமாவுக்குத்தான்."

"ஆ," என்றாள் கொறற்றி. கோபமில்லை. கொஞ்சம் ஏமாந்த குரல், கடையில் கேட்ட சாமான் முடிந்துபோனால் வருவதுபோல. "நான் நினைச்சன் டொறத்திக்கு எண்டு."

டொறத்தி அதே கட்டடத்தில் முதலாம் மாடியில் இருப்பவள். அறுபது வயது ஜெர்மன்காரி. இன்னொரு கட்சிக்காக அதே வட்டாரத்தில் நின்றவள். பதினான்கு வாக்கால் தோற்றவளும் அவள்தான்.

"என்ர குப்பை வாளியை அவதான் கீழ கொண்டு போறவ. கால் ஏலாத நாளில ஆசுப்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போறவ. கதைக்கத் தெரியாது, ரெண்டு பேரும் சிரிப்பம், அவ்வளவுதான். அவவின்ர துண்டுப்பிரசுரம் வந்த நாள் படத்தைப் பாத்து இவவுக்குத்தான் போடுறது எண்டு நினைச்சு வைச்சனான். பேந்து நீ வந்தாய், நான் தேத்தண்ணி போட உள்ள போனன், திரும்பி வர எல்லாம் ஒட்டி முடிஞ்சுது. சரி, பிள்ளைக்குத் தெரியும்தானே எண்டு விட்டன்." கொறற்றி பாலை இறக்கினாள். "ஊரில ஒருக்காலும் போட்டதில்லை. ஒருமுறை ஆமி, ஒருமுறை இடம்பெயர்வு, ஒருமுறை போடப்படாது எண்டு இயக்கப் பெடியள் சொல்லிட்டினம். இஞ்சதான் முதல்முறை. அதுதான் கேட்டனான், ஆருக்குப் போட்டனான் எண்டு. ஒரு ஆசைக்கு."

அந்தத் தேத்தண்ணியைச் சிவானுஜா குடித்து முடித்தாள். எப்படிக் குடித்தாள் என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்க் கடிதத்தை எழுதினாள். அரச வழக்குத்தொடுநருக்கு. ஒன்றரைப் பக்கம். தன் பெயர், நாள், எண்ணிக்கை. மற்ற எவருடைய பெயரும் இல்லை.

நிலக்கீழ் அறையில் எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. அவள் கையைக்கூடக் கழுவாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பதையும், கொறற்றி அன்ரியையும், டொறத்தியையும். கடிதத்தை மட்டும் சொல்லவில்லை. கமலநாயகி சுற்றிய ரோல்ஸ் ஒன்று பிரிந்து, கறி மேசையில் கொட்டியது. சந்திரகாந்தி அடுப்பைக் குறைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

மூர்த்தி மடிப்புக் கதிரை ஒன்றை இழுத்து உட்கார்ந்தார்.

"பத்தொன்பது," என்றார். "நான் வெண்டது பதினாலாலை."

"ஓம்."

"அப்ப நீ என்னை வெருட்ட வந்திருக்கிறாய்."

"வெருட்டேல்லை. கேக்கிறன். நீங்கள் விட்டா, பழைய கட்சிப் பட்டியலில அடுத்த ஆள் வருவார். திங்கட்கிழமைத் தீர்மானம் விழும். அந்த அறுபது பேரும் இருந்த இடத்தில இருப்பினம்."

"உனக்கும் ஒண்டும் நடக்காது."

அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பில் பகை இல்லை.

"எடி பிள்ளை, நான் விசாரணைக்கு முன்னால எத்தனை பேரைப் பாத்தனான். சொல்ல வந்தது ஒண்டு, சொல்லுறது ஒண்டு. உனக்கு விடுதிச் சனத்தில இரக்கம். இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நான் எழும்பிப் போனா உன்ர கையெழுத்தும் என்னோட போயிடும் எண்டுதானே கேக்கிறாய்?"

அவளுக்கு முகம் எரிந்தது. அடுப்புச் சூடு என்று சொல்லிக்கொள்ள முடியாது, யன்னல் திறந்திருந்தது. ட்ராமில் வரும்போது, குன்றைப் பார்த்தபடி, அவள் அதைத்தான் யோசித்திருந்தாள். அவர் ஆசனத்தை விட்டால் பிழை சரியாகிவிடும். பிழை சரியானால் கடிதத்தைக் கிழிக்கலாம். ஏப்ரல் முதலாந் திகதி போய்க் கையைத் தூக்கிச் சத்தியப்பிரமாணம் எடுக்கலாம்.

"அதுவும்தான்," என்றாள்.

"அப்பிடிக் கதை. இப்ப கதைக்கலாம்." அவர் கதிரையில் சாய்ந்தார். "ஏன் மாறினனீங்கள் எண்டு நீ ஒருக்காலும் கேக்கேல்லை."

"துணை நகரபிதா."

"இருபத்தாறு வருசம். ஒரு குழுவில தலைவர் வேணுமெண்டு கேட்டன். வெளிநாட்டவர் குழு. அதைக்கூட ஒரு இருபத்தொன்பது வயசுப் பெட்டைக்குக் குடுத்தாங்கள், நீங்கள் சாப்பாட்டு ஒழுங்கைப் பாருங்கோ மூர்த்தி எண்டு. அண்டைக்கு வந்து இந்தக் கதிரையிலதான் இருந்தனான். மாமியிட்டக் கேள்."

கமலநாயகி கொட்டிய கறியை அள்ளித் திரும்பவும் தோலில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஓம். இருந்தவர்," என்றாள், தலை நிமிராமல். "விடியும்வரைக்கும் இருந்தவர். நான் அடுத்த நாள் பொரிக்கிறதுக்குக் கிழங்கு அவிச்சனான்."

"அப்ப அந்த விடுதி?" என்றாள் சிவானுஜா. "நீங்கள் படுத்த கட்டில் மாமா."

"படுத்தபடியால்தான் சொல்லுறன், அது மனுசர் இருக்கிற இடமில்லை. கூரை ஒழுகுது."

"தகரக் கொட்டகையில ஒழுகாதோ?"

அவர் கையிலிருந்த மீதி ரோல்ஸைப் பார்த்தார். தின்னவும் இல்லை, வைக்கவும் இல்லை.

"உது ஆருக்கு மாமி?" என்று சிவானுஜா மேசையைக் காட்டிக் கேட்டாள். "முந்நூறு. அம்மாவைக் கூப்பிட்டியள், கலியாண ஓடர் எண்டெல்லோ நினைச்சம்."

கமலநாயகி புருசனைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "நாளைக்கு அவற்ற புது ஆக்களின்ர வரவேற்பு. இவரை மேடையில ஏத்துகினமாம்." ஒரு தோலை எடுத்து, கறியை வைத்து, மடித்தாள். "அவையும் ரோல்ஸ்தான் கேட்டவை."

சந்திரகாந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் புறங்கையால் பொத்தினாள். கமலநாயகியும் சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள், அது எந்தச் சிரிப்பென்று ஒருவருக்கும் தெரியவில்லை. "காரம் குறைச்சுப் போடட்டாம், காந்தி," என்றாள். "மற்றவை காரம் தின்னப் பழகினவை. இவைக்கு நான் இனி முதல்ல இருந்து பழக்கவேணும்."

மூர்த்தி எழும்பினார். முகம் கறுத்திருந்தது.

"சரி. எல்லாரும் சிரிச்சு முடிஞ்சா நானும் ஒண்டு சொல்லுறன். சிவானுஜா, நீ பத்தொன்பது பேரின்ர வாயில இல்லாததை எழுதினனி. பெரிய குற்றம். உன்ர அப்பா ரத்தினம் தொண்ணூற்றிரண்டில விசாரணைக்கு வந்தான். பக்கத்தில மொழிபெயர்ப்பாளரா நான். அதிகாரி ஒரு பொம்பிளை. உன்னை ஆமி பிடிச்சதோ எண்டு கேட்டா. ஓம் எண்டான். என்ன செய்தாங்கள் எண்டு கேட்டா. அவன் ஒண்டும் செய்யேல்லை எண்டான். ஒண்டும் செய்யேல்லை எண்டு நான் ஜெர்மனில சொல்லியிருந்தா அடுத்த மாதம் விமானத்தில ஏத்தியிருப்பினம். நான் சொன்னன், பதினொரு நாள் கட்டிவைச்சு வயரால அடிச்சவங்கள் எண்டு. அவன் வாயில வராதது. நான் சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். உன்ர கடவுச்சீட்டு, உன்ர பல்கலைக்கழகம், உன்ர உத்தியோகம் எல்லாம் அந்தப் பொய்யில நிக்குது. இப்ப சொல்லு, ஆர் ஆசனத்தைத் திருப்பிக் குடுக்கவேணும்?"

இதைத்தான் அம்மா ட்ராமில் சொல்லாமல் சொன்னாள் என்று சிவானுஜாவுக்கு விளங்கியது. அப்பாவை நினைத்தாள். இந்த நேரம் பொதிக் களஞ்சியத்தில் வேலை முடிகிற நேரம். முழங்கால்களுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டு நிற்பார். வீட்டில் ஒருநாளும் சேட்டில்லாமல் நின்றதில்லை, யூலை வெயிலிலும்.

"அம்மா," என்றாள். "அப்பாவுக்கு அடிச்சது உண்மையோ?"

சந்திரகாந்தி அடுப்பை இன்னும் குறைத்தாள். "கலியாணம் முடிச்சுப் பத்து நாளுக்குப் பிறகுதான் நான் முதுகைப் பாத்தனான்," என்றாள். "வயர்தான். எத்தினை நாள் எண்டு நான் கேக்கேல்லை. ஒரு பொம்பிளைக்கு முன்னால அந்த மனுசன் அதை எப்பிடிச் சொல்லும்?"

யன்னலுக்கு வெளியே ஆலங்கட்டியும் மழையும் கலந்து விழத் தொடங்கியது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

சிவானுஜா குழாயடிக்குப் போனாள். கைகளில் ஒட்டிக் காய்ந்த மாவும் தூளும் சுலபத்தில் போகவில்லை, நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. சுரண்டிக்கொண்டே பேசினாள்.

"நீங்கள் சொன்னது பொய்யில்லை மாமா. அது அப்பாவின்ர முதுகில கிடந்தது. வாயில வராததை நீங்கள் எடுத்துச் சொன்னியள். அதுக்கு நான் சாகும்வரைக்கும் நன்றி சொல்லுவன். நான் போட்ட புள்ளடி கொறற்றி அன்ரியின்ர மனசில கிடக்கேல்லை. ரெண்டும் ஒண்டில்லை."

அவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, கோபமும் போகவில்லை. இவ்வளவு நல்லதைச் செய்த ஒரு மனிசனுக்கு அதை முப்பது வருடம் கழித்து ஒரு கட்டையாக எடுத்து ஓங்கத்தான் தெரிந்திருக்கிறது.

"சரி," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ஆசனத்தை விட ஏலாது. ஊர் சிரிக்கும். ஆனா திங்கட்கிழமை எனக்கு வருத்தம். காய்ச்சல். நான் போகாட்டித் தீர்மானம் விழும். விடுதி இருக்கும். நீ நினைச்சது நடக்கும். நீயும் வாயைத் திறக்கத் தேவையில்லை, ஏப்ரலில உன்ர வேலையும் கிடைக்கும். கொறற்றியக்காவுக்கு இன்னும் நாலு வருசத்தில அடுத்த தேர்தல் வரும்."

"அது காணும் பிள்ளை," என்றாள் சந்திரகாந்தி உடனே. அடுப்படியிலிருந்து இரண்டு எட்டில் வந்து மகளின் ஈரக் கையைப் பிடித்தாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் இருபது வருடம் கோப்பை கழுவிய கை அது, நீரில் ஊறி ஊறித் தடித்தது. "அண்ணை இறங்கி வந்திட்டார். இதுக்கு மேல ஒருத்தர் என்ன செய்யிறது. நீ படிச்ச படிப்புக்கு நான் நிண்டு கழுவினது எனக்குத்தான் தெரியும். ஓம் எண்டு சொல்லு."

காலையில் என்றால் ஓம் என்று சொல்லியிருப்பாள். இதைக் கேட்கத்தான் அவள் வந்தாள், இதைவிடக் கூடவும் எதிர்பார்க்கவில்லை. அறுபது பேருக்குக் கூரை, அவளுக்கு உத்தியோகம், அவருக்கு ஆசனம், அம்மாவுக்கு நிம்மதி. எல்லாருக்கும் ஏதோ ஒன்று இருந்தது. நாலு வருடம் என்று அவர் சொன்னபோதுதான் அவளுக்குக் கொறற்றி அன்ரியின் இடது கை ஞாபகம் வந்தது. ஊசி ஏறி ஏறிக் கயிறுபோல் புடைத்த நரம்பு. கிழமைக்கு மூன்று நாள். அந்த மனுசிக்கு எழுபத்து நான்கு வயது, போட்டது ஒரே ஒரு வாக்கு, அதையும் இவள் போட்டுவிட்டாள்.

"கடிதம் எழுதிட்டன் அம்மா," என்றாள்.

"என்ன கடிதம்?"

"என்னைப் பற்றித்தான். வேற ஒருத்தற்ற பேரும் இல்லை. அப்பான்ர கதை அதில வராது, வந்தாலும் இத்தினை வருசத்துக்குப் பிறகு ஒருத்தரும் கிண்ட ஏலாது. நான் சட்டம் பாத்திட்டன்."

"உன்ர வேலை?"

"போகும்."

சந்திரகாந்தி கையை விட்டாள். அடிப்பாள் என்று சிவானுஜா நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள். அம்மா அடிக்கவில்லை. திரும்பிப் போய், அடுப்பைக் கூட்டி, சட்டியில் ஒரு கரண்டி மா ஊற்றினாள். மா வட்டமாகப் பரவவில்லை, ஒரு பக்கமாக ஓடியது. அவள் அதைச் சரிசெய்யவில்லை.

"அதை அனுப்பினா என்ர பேரும் நாறும்," என்றார் மூர்த்தி.

"ஓம் மாமா."

"நான் உன்னைப் புள்ளடி போடச் சொல்லேல்லை."

"தெரியும். ஒருத்தரும் சொல்லிச் செய்யேல்லை எண்டும் எழுதியிருக்கிறன்."

அவர் இவ்வளவு நேரமும் வைத்திருந்த பாதி ரோல்ஸை மேசை ஓரத்தில் வைத்தார். எண்ணெய்க் கையைத் துடைக்க ஒரு துணியைத் தேடினார். கமலநாயகி தன் தோளில் கிடந்ததை எடுத்து, அவரைப் பார்க்காமலே நீட்டினாள்.

சிவானுஜா ஆணியில் கொழுவியிருந்த குளிரங்கியைப் போட்டாள். உள்பையைத் தடவிப் பார்த்தாள். உறையின் மூலையில் விரலெண்ணெய் ஒட்டி, தாள் அந்த இடத்தில் கண்ணாடிபோல் ஆனது.

"எங்க போறாய்?" என்றாள் சந்திரகாந்தி. திரும்பாமல்தான் கேட்டாள். "இன்னும் எண்பது கிடக்குது."

"கொறற்றி அன்ரியிட்ட. பேந்து மற்றப் பதினெட்டு வீடும்."

"அங்க போய் என்னத்தைச் சொல்லுவாய்?"

"சொல்லுறதுக்கு மட்டுமில்லை. கேக்கிறதுக்கும். ஆருக்குப் போட விரும்பினனீங்கள் எண்டு. செப்டெம்பரில கேட்டிருக்கவேணும்."

ஒருவரும் மறிக்கவில்லை. அவள் படியில் ஏறும்போது பின்னால் கமலநாயகி "இதில காரம் போடட்டோ, விடட்டோ" என்று யாரையோ கேட்டாள். மேலே முன்கதவு ஈரத்தில் ஊதி இறுகியிருந்தது. தோளால் தள்ளினாள். தெரு முனையில், ட்ராம் தரிப்பிடத்துக்கு இந்தப் பக்கம், மஞ்சள் பெட்டி நனைந்துகொண்டு நின்றது. அவள் கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையை மூடாமல், அதை நோக்கி நடந்தாள்.